தாம்பூலப் பையில் வந்த மேஸ்திரி

என் அப்பா தனபால் புத்தகம் படிக்கிறவர் அல்ல. புத்தகத்தில் ஆள் தேடுகிறவர்.

கோயமுத்தூர் மில்களைப் பற்றி, மில்காரர்கள் எப்படி வாழ்ந்தார்கள், என்ன தின்றார்கள், எந்தச் சங்குக்கு எழுந்தார்கள் என்று யார் எந்தப் புத்தகம் போட்டாலும் வாங்கிவிடுவார். நடுவில் வரும் வழவழப்பான போட்டோப் பக்கங்களை மட்டும் பிரித்து, மூக்கில் இடிக்கிற அளவுக்குக் கிட்டத்தில் வைத்துக்கொள்வார். கேட்டுக்கு முன்னால் நிற்கிற கூட்டம், யூனியன் மேடைக்குக் கீழே உட்கார்ந்த கூட்டம், ஆயுத பூஜைக்குப் பொரி வாங்குகிற கூட்டம். ஒவ்வொரு தலையாக விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போவார். கடைசித் தலையும் முடிந்ததும் "இல்லீங்க" என்று புத்தகத்திடமே மரியாதையாகச் சொல்லிவிட்டு ஷோகேஸில் வைப்பார். எழுத்து இருக்கிற பக்கங்களுக்குப் போகமாட்டார். அவை இன்றைக்கும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன.

தேடப்பட்ட ஆள் அவருடைய அப்பா குமாரசாமி. எனக்கு அப்பாரு. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் நூலைச் சுற்றிக் கட்டுகிற ரீலிங் பிரிவுக்கு மேஸ்திரியாக இருந்தவர். நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். ஆனால் அவர் குரல் எனக்குத் தெரியும். அப்பா பேசிக்காட்டுவார், நான் அதைப் பிடித்துக்கொண்டேன். நெஞ்சுக்குள்ளிருந்து உருண்டு வருகிற குரல். "ஆரது, வா கண்ணு, கோழி அடிச்சிருக்குது, சாப்புட்டுத்தான் போவோணும்." சொந்தக்காரர்கள் கூடுகிற இடமெல்லாம் என்னை அந்தக் குரலில் பேசச் சொல்வார்கள். அத்தைமார் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

அப்பாவுக்கு ஆவாரம்பாளையத்தில் மோட்டார் வைண்டிங் பட்டறை. கையில் எப்போதும் வார்னிஷ் வாசம். மில்லை இடித்து அபார்ட்மென்ட் கட்டிப் பல வருடம் ஆகியும், பழைய மதியச் சங்கு ஊதுகிற நேரத்துக்குத்தான் சோத்துப் போசியைத் திறப்பார். அவருக்குப் பெருமை என்று ஒன்று உண்டென்றால் அது கோழிதான்.

மில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் குடும்பத்துக்கு ஒரே அறை, எல்லோருக்கும் ஒரே குழாய். அக்கம்பக்கத்து வீடுகளில் கறி என்பது தீபாவளிக்கும் மாரியம்மன் நோம்பிக்கும் மட்டும். எங்கள் வீட்டில் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோழிக் குழம்பு. சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் கோழிகள் கால் கட்டப்பட்டுக் கிடக்கும். கட்டை அவிழ்ப்பது சின்னப் பையனாக இருந்த அப்பாவின் வேலை. அவிழ்த்து ஒவ்வொன்றுக்கும் பேர் வைப்பார். ஒருமுறை ஒற்றைக்கண் கோழி ஒன்று வந்ததாம். ஒத்தக்கண்ணி என்று பேர் வைத்துக் கட்டிப்பிடித்து அழுததில், அப்பாரு அதை அறுக்காமல் விட்டுவிட்டார். வெகுநாள் முட்டை வைத்தது. இந்தக் கதையை நான் கோழிக் குரலோடு சேர்த்தே செய்வேன்.

"மேஸ்திரின்னா அப்புடி ஒரு மருவாதி கண்ணு," என்பார் அப்பா. "ஆருன்னு கூடத் தெரியாது. கொண்டாந்து போட்டுப்போட்டுப் போயிருவாங்க."

மரியாதை என்றுதான் நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு சைதன்யா என்று ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் பட்டறைக்கு வந்தார். மில் காலத்து அன்றாட வாழ்க்கையைப் பற்றிப் புத்தகம் எழுதுவதாகவும், லைனில் வாழ்ந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து வருவதாகவும் சொன்னார். அப்பா பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பேசினார். பூஜை அலமாரியில் இருந்த அப்பாருவின் போட்டோவைச் சட்டத்திலிருந்து பிரித்துக் கொடுத்தார். கோழிக் கதை முழுவதையும் சொன்னார். எங்கய்யனைப் பற்றி நல்லா எழுதுங்க என்று கேட்டுக்கொண்டார். ஆட்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன் என்றார் அந்தப் பெண். அது போதும், லைனில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று அப்பாவே வழியும் சொல்லி அனுப்பினார்.

அவர் கேட்டிருக்கிறார்.

ஒண்டிப்புதூரில் எங்கள் புது வீட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தபோது கூரியரில் புத்தகம் வந்தது. அப்பா நேராகப் போட்டோப் பக்கத்துக்குப் போனார். முழுப் பக்கத்துக்கு அப்பாரு, அப்பா கொடுத்த அதே போட்டோ. வெள்ளைச் சட்டை, கையில் குடை, மில் கேட், எதிரே வரிசையாகப் பெண்கள். கீழே அச்சில் பேர். அப்பா புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றைக்கே பதிப்பகத்துக்குப் போன் போட்டு, கிரகப்பிரவேசத்துக்கு வருகிற எல்லோர் கைக்கும் ஒன்று போகிற அளவுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்.

தாம்பூலப் பையில் போட அம்மா சாந்தாமணி ஏற்கெனவே எவர்சில்வர் கிண்ணம் பார்த்து வைத்திருந்தாள். அப்பா கேட்கவில்லை. "கிண்ணம் எல்லாரு ஊட்டுலயுந்தான் கெடக்குது. எங்கய்யன் ஆரு ஊட்டுல இருக்கறாரு?"

அப்படித்தான் வெற்றிலை, பாக்கு, தேங்காயோடு அப்பாருவும் மஞ்சள் பைக்குள் போனார். கிரானைட்டில் 'மேஸ்திரி இல்லம்' என்று செதுக்கி வாசலில் பதித்தாயிற்று. பழைய லைன்காரர்களை அப்பா வீடு வீடாகப் போய் அழைத்திருந்தார். முதல் பந்தியில் அவர்கள்தான். மைக்கை என் கையில் கொடுத்து அப்பாரு குரலில் வரவேற்கச் சொன்னார்கள். நானும் நெஞ்சைத் தூக்கிக்கொண்டு, "வாங்க வாங்க, கோழி அடிச்சிருக்குது," என்றேன். சொந்தக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதல் பந்தி இலையைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பசி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து ஒரு மதியம் மிச்சமிருந்த பைகளை எண்ணெய் படாமல் எடுத்து வைக்கும்போதுதான் புத்தகத்தைப் பிரித்தேன். போட்டோவுக்கு முந்தின பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். அத்தியாயத்தின் பேர் 'கேட்டுக்கு வெளியே.'

பதிலி என்றால் யார் என்று அதில் சொல்லியிருந்தது. நிரந்தர வேலைக்காரர் யாராவது வராத நாளில் அந்த இடத்தில் அன்றைக்கு மட்டும் வேலை செய்கிறவர். தினமும் காலையில் பதிலிப் பெண்கள் கேட்டுக்கு வெளியே நிற்பார்கள். மேஸ்திரி குடை முனையால் தொட்டுக் காட்டுகிறவர் உள்ளே போகலாம். மற்றவர்கள் சங்கு ஊதி முடித்ததும் வீட்டுக்குப் போகலாம். குடை யார் பக்கம் திரும்பும் என்பதைக் கோழி தீர்மானித்தது. சனிக்கிழமை கோழி கொண்டுபோய் மேஸ்திரி வீட்டு வாசலில் போட்டவர்களுக்குத் திங்கட்கிழமை வேலை. வளர்க்க இடமில்லாதவர்கள் பக்கத்துத் தோட்டங்களில் கடன் சொல்லிக் கோழி வாங்கினார்கள். அந்தப் போட்டோ எடுத்ததும் அப்படியொரு திங்கட்கிழமைதான்.

மாரியாத்தாள் என்ற பதிலித் தொழிலாளி இதைச் சொன்னதாக எழுதியிருந்தது. அத்தியாயம் முடிகிற இடத்தில் சைதன்யா தன் பங்குக்கு ஒரு வார்த்தையும் எழுதவில்லை. மேஸ்திரியின் மகன் சொன்னதை அப்படியே வைத்து முடித்திருந்தார்: "எங்க ஊட்டுல ஞாயித்துக்கெழம கோழி இல்லாத நாளே கெடையாதுங்க. ஆருன்னே தெரியாது, கொண்டாந்து போட்டுப்போட்டுப் போயிருவாங்க."

அப்பா கூடத்தில் ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் படித்துக் காட்டினேன். எந்தக் குரலும் போடாமல் படித்தேன். அவர் வாக்கியம் வந்தபோது ஸ்க்ரூ டிரைவரை மெதுவாகக் கீழே வைத்தார். இன்னொருமுறை படிக்கச் சொன்னார். படித்தேன்.

அப்பாருவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இத எத்தன பேரு படிச்சிருப்பாங்க?" என்றுதான் கேட்டார்.

அம்மா சமையலறையிலிருந்தே பதில் சொன்னாள். "ஆரு படிக்கறாங்க? தேங்காய எடுத்துட்டுப் பைய ரேஷனுக்கு வெச்சுக்குவாங்க. கிண்ணம் குடுத்திருந்தா இந்தத் தொந்தரவு இருந்திருக்குமா?"

அப்பாவுக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. சாயங்காலம் வரைக்கும். அதற்குள் அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. அச்சில் பக்கம் மாறிப்போய்விட்டது, புதுப் புத்தகம் தருகிறோம் என்று சொல்லி லைன்காரர்களிடம் கொடுத்ததை மட்டும் திரும்ப வாங்கிவிடுவது. சொந்தக்காரர்களைப் பற்றிக் கவலை இல்லை, அவர்கள் படிக்கமாட்டார்கள். நான் ஸ்கூட்டி ஓட்ட வேண்டும், அவர் கட்டைப்பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்காருவார். எனக்கு இஷ்டமில்லை. ஆனால் மைக்கில் கோழி அடித்தவள் நான். சாவியை எடுத்தேன்.

முதலில் லட்சுமணசாமி வீடு. மில்லின் டைம் ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். எங்களைக் கண்டதும் எழுந்து நின்று, காப்பி வைக்கச் சொல்லி, ஃபேனை எங்கள் பக்கம் திருப்பினார். அப்பா விஷயத்தைச் சொன்னார். லட்சுமணசாமி உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்தார். பள்ளிக்கூடப் புத்தகம் போலப் பழுப்பு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, அழகாகப் பேர் எழுதியிருந்தார்.

"பக்கமெல்லாம் செரியாத்தானுங்களே இருக்குது," என்றார். "நான் ரெண்டுவாட்டி படிச்சுப்போட்டனுங்க."

அப்பா காப்பி டம்ளருக்குள் பார்த்தார். ஒருவேளை சில புத்தகத்தில் மட்டும் மாறியிருக்கும் என்றார். இருக்குமுங்க, இருக்குமுங்க என்று அவரும் ஒத்துக்கொண்டார். அட்டையைக் கிழியாமல் கழற்றிவிட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் கொடுத்தார். வீடு ரொம்ப நன்றாக அமைந்திருக்கிறது, வாசக்கால் நல்ல தேக்கு என்றார். வாசல் வரை வந்து அனுப்பினார்.

எல்லா வீட்டிலும் அதேதான். ஒரு வீட்டிலாவது யாராவது ஒரு சொல் கடிந்து பேசியிருந்தால் அப்பா பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பார். காப்பி கொடுத்தார்கள், முறுக்கு கொடுத்தார்கள், புத்தகத்தையும் கொடுத்தார்கள். ஒரு புத்தகத்தில் அந்த அத்தியாயத்தில் பஸ் டிக்கெட் அடையாளம் வைத்திருந்தது. இன்னொன்றில் போட்டோவில் இருந்த ஒரு பெண்ணின் தலைக்கு மேலே பேனாவால் 'அம்மா' என்று எழுதியிருந்தது. ஸ்கூட்டியில் ஏறும்போதெல்லாம் கட்டைப்பை கனத்துக்கொண்டே வந்தது.

கடைசியாக நீலிகோணாம்பாளையத்தில் கருப்புசாமி அண்ணன் வீடு. எங்கள் புது வீட்டுக்கு வயரிங் முழுக்கச் செய்தது அவர்தான். அப்பாவும் அவரும் லைனில் ஒன்றாகக் கோலி விளையாடியவர்கள், ஆனாலும் எனக்கு அவர் அண்ணன்தான். மாரியாத்தாள் அவருடைய அம்மா. அதனால்தான் இந்த வீட்டை அப்பா கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தார்.

கருப்புசாமி அண்ணன் எங்களை நிற்கவைத்துப் பேசவில்லை, உட்காரவைத்தார். அவர் மகள் யுவஸ்ரீ, எட்டாவது படிக்கிறவள், என்னைப் பார்த்து, "அக்கா, அந்தக் கோழி வாய்ஸ்..." என்று ஆரம்பித்தாள். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் பாதியிலேயே உள்ளே போய்விட்டாள். அப்பா அச்சுப் பிழையைச் சொன்னார். அண்ணன் மறுபேச்சுப் பேசாமல் டிவிக்கு மேலே இருந்த புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

"அத எங்கீங்க கொண்டுபோறீங்க?"

உள்ளறைக் கட்டிலிலிருந்து வந்தது குரல். மாரியாத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, எதிரே இருந்த பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தாள்.

அப்பா எழுந்துவிட்டார். அவளை அவர் ஒருநாளும் 'ங்க' போட்டுக் கூப்பிட்டதில்லை. லைன் பழக்கம் அப்படி. வயதில் மூத்தவள் என்றாலும் மாரியா என்பார், வா போ என்பார். அன்றைக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டு, கை இரண்டையும் கட்டிக்கொண்டு, "ஏனுங்கம்மா, சௌக்கியமுங்களா? ஒடம்பெல்லாம் பரவால்லீங்களா?" என்றார்.

மாரியாத்தாள் அவரையே பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"உங்கய்யனாட்டவே கேக்கறீங்க."

அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்கும்.

"மத்த நாளெல்லாம் ஏ புள்ள, அக்கட்டால நவுருன்னுதான் சொல்லுவாரு. கோழி வேணும்னா மட்டும் மருவாதி வந்துரும்." கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள். இல்லாத குடையைக் கைமாற்றினாள். சின்னதாக ஒருமுறை செருமினாள். பிறகு மெல்லிசாக, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு குரல் வந்தது. "ஏனுங் அம்மிணி... ஊட்டுல கோழியெல்லாம் சௌக்கியமுங்களா?"

நெஞ்சுக்குள்ளிருந்து உருளவில்லை அது. மூக்கு நுனியில் நின்றது. நான் இத்தனை வருடம் செய்துவந்த குரலுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பொய்யாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் பொய் இல்லை என்று தெரிந்துவிட்டது. அந்தச் செருமல் அவருக்குத் தெரியும். எங்களுக்குப் பேசிக்காட்டும்போது அதை மட்டும் விட்டுவிட்டுப் பேசியிருக்கிறார்.

"அந்தச் சவுண்டு கேட்டா சனிக்கெழமைக்குள்ள கோழி தேடோணும்னு அர்த்தமுங்க," என்றாள் மாரியாத்தாள். "ஒருக்கா எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. மாமியாளோட கோழியத் திருடிக் கொண்டாந்து போட்டேன். கீரி புடிச்சுட்டுப் போயிருச்சுன்னு சொல்லிப்போட்டேன். சாவற வரைக்கும் அவ கீரியத்தான் வஞ்சுட்டுக் கெடந்தா."

கருப்புசாமி அண்ணன் போதுமுங்கம்மா என்றார். அவள் காதில் வாங்கவில்லை.

"நல்ல கோழிங்க அது. ஒரு கண்ணு இருக்காது."

என் வாய்க்குள் ஒத்தக்கண்ணியின் கொக்கரிப்பு வந்து நின்றது. எத்தனை கல்யாண மண்டபங்களில் அதைச் செய்து கைதட்டு வாங்கியிருப்பேன். அப்படியே விழுங்கினேன்.

அப்பா உட்கார்ந்தார். சேரில் இல்லை, தரையில், அவள் காலுக்குக் கொஞ்சம் தள்ளி. "அறுக்கலீங்க," என்றார். "நாந்தான் கட்ட அவுத்துட்டேன். ரொம்ப நாளு இருந்துச்சுங்க. முட்ட வெச்சுதுங்க."

"ஆரு தின்னீங்க முட்டைய?"

"நாந்தானுங்க."

மாரியாத்தாள் தலையை ஆட்டினாள். கோபமா, ஆறுதலா என்று எனக்குப் பிடிபடவில்லை. கையை நீட்டினாள். மகனிடம் இல்லை, அப்பாவிடம். புத்தகம் அதற்குள் அப்பாவின் கட்டைப்பைக்குள் போயிருந்தது.

"அதைய குடுத்துப்போட்டுப் போங்க. அந்த மில்லுல நான் வேல செஞ்சேன்னு எங்கயும் ஒரு காயிதம் கெடையாதுங்க. பதிலிக்கு ஏதுங்க காயிதம்? இதுலதான் போட்டிருக்குது. பேரோட போட்டிருக்குதுன்னு யுவஸ்ரீ காட்டுனா. எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா எந்த எடம்னு தெரியும்."

அப்பா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, நேராக அந்தப் பக்கத்தைப் பிரித்து, அந்த வரியில் விரலை வைத்தாள். அப்பா போட்டோவில் தலைகள் மேல் விரலை நகர்த்துவாரே, அதே மாதிரிதான்.

வெளியே வந்ததும் கருப்புசாமி அண்ணன் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே வண்டி வரை வந்தார். கூடத்து ரெகுலேட்டர் சூடாகிறதா என்று விசாரித்தார். ஆமாம் என்றார் அப்பா. நாளைக்கு வந்து மாற்றிக் கொடுத்துவிடுகிறேன் என்றார் அண்ணன்.

நான் வண்டியை ஒண்டிப்புதூர்ப் பக்கம் திருப்பினேன். அப்பா என் தோளைத் தொட்டார். லட்சுமணசாமி ஊட்டுக்குப் போ என்றார். எதுக்குப்பா என்று கேட்டேன். கட்டைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

லட்சுமணசாமி கேட்டைத் திறக்கும்போது கையில் சோறு ஒட்டியிருந்தது. அப்பா உள்ளே போகவில்லை. படிக்குக் கீழேயே நின்று, பையைத் துழாவி, பஸ் டிக்கெட் வைத்ததையும் 'அம்மா' என்று எழுதியதையும் ஒதுக்கிவிட்டு, முதலில் வாங்கி அடியில் போட்டிருந்த அவருடையதைத் தேடி எடுத்தார். இரண்டு கையாலும் நீட்டினார்.

"பக்கமெல்லாம் செரியாத்தானுங்க இருக்குது," என்றார்.

லட்சுமணசாமி இடது கையால் வாங்கத் தயங்கினார். சாப்பிட்ட கையை வேட்டியில் துடைத்துவிட்டு வலது கையால் வாங்கிக்கொண்டார். "அப்பப் புதுசு வராதுங்களா?" என்று கேட்டார்.

"வராதுங்க. இதுதானுங்க."

உள்ளே வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாம் என்று அவர் கூப்பிட்டார். இல்லீங்க, இன்னும் நிறைய ஊடு இருக்குதுங்க என்றார் அப்பா.